ஓவன் சூடாகவில்லையா? கன்ட்ரோல் போர்டை மாற்றும் முன் இதைச் செய்யுங்கள்

திரை ஒளிர்கிறது, சூடு ஏறவில்லை. அல்லது பிழைக் குறியீடு மின்னுகிறது. அல்லது அணைத்த பிறகும் உள்ளே அனல் அடிக்கிறது. உடனே, ஓவனை இயக்கும் மின்னணு அட்டையான “கன்ட்ரோல் போர்டு போய்விட்டது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நானும் ஒருமுறை அப்படித்தான் எழுதினேன். புதிய போர்டை வாங்கி மாட்டினேன். அதே குறியீடு மீண்டும் வந்து நின்றது. கடைசியில் பார்த்தால், வெப்பநிலை சென்சாரின் இணைப்பானில் ஒரு ஊசி (பின்) பச்சை பூத்துக் கிடந்தது. ஒரு சொட்டு வேலை. போர்டுக்குக் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை.

அதனால் இந்த விளக்கத்தில் போர்டுக்குக் கடைசி இடம்தான். சுற்றியிருப்பவை ஒவ்வொன்றையும் விசாரித்து விடுவித்த பிறகே அதன் மீது கை வைப்போம்.

இது ரொட்டி, கேக் சுடும் மின்சார ஓவனுக்கானது. மைக்ரோவேவ் ஓவனைத் திறக்காதீர்கள். அதன் உள்ளே இருக்கும் உயர் மின்னழுத்த மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லக்கூடியது.

படி 1: கருவி எடுக்கும் முன்

மின்வெட்டுக்குப் பிறகு கடிகாரம் மின்னிக்கொண்டிருந்தால், முதலில் நேரத்தை அமையுங்கள். நேரம் அமைக்காதவரை சூடேற்ற மறுக்கும் ஓவன்கள் நிறைய உண்டு. திரையில் சாவிப் படம் தெரிந்தால் குழந்தைப் பூட்டு விழுந்திருக்கிறது. விளக்கும் விசிறியும் ஓடி, சூடு மட்டும் வரவில்லை என்றால், விற்பனைக் கூடத்துக்கான காட்சி முறையில் ஓவன் மாட்டியிருக்கலாம். அதிலிருந்து வெளியேறும் வழி கையேட்டில் இருக்கும். பிரேக்கரை ஐந்து நிமிடம் அணைத்துப் போடுங்கள். இரண்டு லைவ் கம்பிகளில் ஓடும் ஓவன்களில் ஒரு கம்பி மட்டும் துண்டானால், திரை எரியும், சூடு வராது. அது வயரிங் கோளாறு, போர்டு பாவம்.

படி 2: காது கொடுத்துக் கேளுங்கள்

180 டிகிரி வைத்துத் தொடக்குங்கள். முகப்புப் பலகைக்குப் பின்னால் ‘டிக்’ என்று ஒரு சின்ன ஓசை வர வேண்டும். அதுதான் ரிலே, போர்டின் கட்டளையைக் கேட்டு சூடேற்றும் கம்பியான எலிமென்டுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச். ஓசை வந்தும் சூடு இல்லையென்றால், கட்டளை போயிருக்கிறது, மின்சாரம் போய்ச் சேரவில்லை: எலிமென்ட், சூடு எல்லை மீறினால் மின்சாரத்தை வெட்டும் வெப்பத் துண்டிப்பான், வயர், ரிலேயின் தொடுமுனை ஆகியவற்றில் ஒன்று. ஓசையே இல்லையென்றால் போர்டின் மேல் சந்தேகம் சற்றுக் கூடுகிறது, அவ்வளவுதான்.

பிழைக் குறியீடு இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். சில ஓவன்களில் முகப்புப் பலகைக்குப் பின்னாலேயே மின்சுற்றுத் தாள் ஒன்றை மடித்துச் செருகியிருப்பார்கள். கிடைத்தால் அது புதையல்.

படி 3: மின்சாரத்தை உண்மையிலேயே துண்டியுங்கள்

முகப்பில் அணைப்பது போதாது. பல ஓவன்களில் ரிலே ஒரு கம்பியை மட்டுமே வெட்டும். பிளக்கைப் பிடுங்குங்கள், நேரடி இணைப்பு என்றால் பிரேக்கரை அணைத்து, யாரும் போட்டுவிடாதபடி டேப் ஒட்டுங்கள். மின்னழுத்தமும் மின்தடையும் அளக்கும் மல்டிமீட்டரை மின்சாரம் இருக்கும் வேறோர் இடத்தில் வைத்துப் பாருங்கள், அடுத்து ஓவனின் முனையங்களில், பிறகு மறுபடியும் முதல் இடத்தில். பழுதான மீட்டரும் சுழியம்தான் காட்டும் என்பதால் இந்த மூன்று தடவைச் சோதனை. 230 வோல்ட்டில் ஓடும் போர்டுகளின் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். பத்து நிமிடம் காத்திருங்கள். அதன் பிறகும் அதன் கால்களைத் தொடாதீர்கள்.

படி 4: சென்சார்

என் கணக்கில் முதல் சந்தேகம் இதன் மேல்தான். உட்புறப் பின்சுவரின் மேல்பகுதியில் பென்சில் போல நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் தண்டு இது. சூடு கூடக் கூட இதன் மின்தடை கூடும்; அந்த எண்ணைத்தான் போர்டு வெப்பநிலையாகப் படிக்கிறது. பரவலாக இருக்கும் பிடி 1000 (PT1000) வகையில் 0 டிகிரி செல்சியஸில் 1000 ஓம், 25 டிகிரியில் சுமார் 1097 ஓம். டிகிரிக்கு ஏறக்குறைய 3.9 ஓம் ஏறும். பிடி 500 வகை என்றால் எல்லாவற்றிலும் பாதி.

இணைப்பானைக் கழற்றி அளந்து பாருங்கள். தண்டைக் கைக்குள் பொத்திப் பிடித்தால் எண் மெதுவாக ஏற வேண்டும். குதித்தாலோ, மீட்டர் முடிவிலியை (பாதை அறுந்ததன் அடையாளம்) காட்டினாலோ சென்சார் போய்விட்டது. இரு கம்பிகளில் எதற்கும் தண்டின் உறைக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது.

சென்சாரை மறுபடி இணைத்துவிட்டு, அதே அளவை போர்டில் செருகும் முனையிலும் எடுங்கள். நான் தவறவிட்டது இதைத்தான். துருப்பிடித்த ஒரு பின் வெறும் 40 ஓம் சேர்த்தாலே போர்டு ஓவனைப் பத்து டிகிரி கூடுதல் சூடாக நினைத்துக்கொள்ளும், கேக் வேகாது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

படி 5: எலிமென்டும் வெப்பத் துண்டிப்பானும்

எலிமென்டின் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு அளக்கவும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் எதிர்பார்க்கும் ஓம் கிடைக்கும். 230 வோல்ட், 2000 வாட் எலிமென்டுக்கு ஏறத்தாழ 26 ஓம். முடிவிலி என்றால் உள்கம்பி அறுந்திருக்கிறது. முனைக்கும் ஓவன் உடலுக்கும் இடையே ஏதேனும் அளவு வந்தால் கசிவு. சூடேறும்போது பிரேக்கர் விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வெப்பத் துண்டிப்பானில், தொடர்ச்சி சோதிக்கும் முறையில் வைத்த மீட்டர் பீப் ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லையென்றால் மாற்றலாம், ஆனால் அது ஏன் துண்டித்தது என்று கேட்காமல் மாற்றாதீர்கள். குளிரூட்டும் விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். பிசுக்கேறி இறுகியிருந்தால், அடுத்த பலி போர்டுதான்.

படி 6: இப்போது போர்டு

கழற்றும் முன் எல்லாக் கோணத்திலும் புகைப்படம் எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் முனையத்தைப் பிடித்து இழுங்கள். நல்ல வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும்.

மின்தேக்கிகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ அடியில் கறை கசிந்திருந்தாலோ கெட்டுவிட்டது. கடிகாரத் திரை நாளுக்கு நாள் மங்கி அணைந்தது என்றால் மின்வழங்கல் பகுதியின் மின்தேக்கி பலமிழந்திருக்கலாம். பொத்தான்கள் சில மட்டும் வேலை செய்யவில்லையா? பொத்தான் பலகையைப் போர்டோடு இணைக்கும் பட்டைக் கேபிளைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகிப் பாருங்கள்.

போர்டைத் திருப்பி, ரிலேயின் கால்கள் வெளிவரும் இடத்தில் நிதானமாக நில்லுங்கள். நல்ல ஈயப்பற்று பளபளப்பான சின்னக் கூம்பு போல இருக்கும். பழுதானதில், காலைச் சுற்றி முடி கனத்தில் ஒரு கறுப்பு வளையம் ஓடும். ஓவன் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உலோகம் விரிந்து சுருங்கியதில் விழுந்த விரிசல் அது. போர்டைச் சாய்த்தால் ஒரு கோணத்தில் தெரிந்து மறுகோணத்தில் மறையும். “தட்டினால் வேலை செய்கிறது” என்று சொல்லும் ஓவன்களில் முதலில் இதைத் தேடுவேன். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தால் சரியாகிவிடும். பற்றவைக்கப் பழகாதவர்கள் பழைய போர்டு ஒன்றில் கை பழக்கிக்கொள்ளுங்கள்.

படி 7: ரிலே

வயர்களைக் கழற்றிய நிலையில் ரிலேயின் இரண்டு தொடுமுனைகளையும் அளங்கள். ஓய்வில் அவை பிரிந்திருக்க வேண்டும். பீப் ஒலித்தால் ஒட்டிக்கொண்டுவிட்டது. அணைத்த பிறகும் ஓவன் சூடேறுவதற்கு இதுவே காரணம், சரிசெய்யும்வரை மின்சாரமே கொடுக்காதீர்கள். ரிலேயை இழுத்து மூடும் சுருளை, மீட்டர் முனைகளை மாற்றி இரு திசையிலும் அளங்கள். 12 வோல்ட் ரிலேயில் பொதுவாகச் சில நூறு ஓம் வரும். முடிவிலி என்றால் சுருள் அறுந்தது. புதிய ரிலே வாங்கும்போது சுருளின் வோல்ட், தொடுமுனையின் ஆம்பியர், கால்களின் அமைப்பு மூன்றும் பொருந்த வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ‘டிக்’ ஓசை வரவில்லையென்றால், மிச்சச் சோதனைகள் மின்சாரம் ஓடும்போது செய்ய வேண்டியவை. பல போர்டுகளில் 5 வோல்ட் பகுதிகூட மின்கம்பியிலிருந்து பிரிக்கப்படாதது. தொட்டால் முழு அடியும் விழும். தொடக்க நிலையில் இருப்பவர் அங்கே நின்றுவிட்டு, தொழில்நுட்பரைக் கூப்பிடுவதோ போர்டை மாற்றுவதோதான் சரி.

மாற்றுவதென்றால் கதவுச் சட்டத்தில் உள்ள மாடல் எண்ணோடு, போர்டின் ஸ்டிக்கரில் உள்ள பாக எண்ணையும் ஒப்பிட்டு வாங்குங்கள். புதியதை மாட்டியதும் தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். எண் குறித்த அளவுக்கு மேலும் கீழும் ஊசலாடும். ரிலே திறந்து மூடுவதால் அது இயல்பு, சராசரியைப் பாருங்கள். அணைத்த பிறகு விசிறி சில நிமிடம் ஓடினால் பதறிப்போய்த் திரும்பவும் திருகுகளைக் கழற்ற வேண்டாம். அது போர்டைக் குளிர்விக்கத்தான் ஓடுகிறது.