கலவரம் பிரித்த தெருவை எழுதுவது எப்படி

பல மதத்தார் கலந்து வாழ்ந்த தெருவில் வளர்ந்து, அது இரண்டானதையும் பார்த்தவர்கள் எழுத உட்கார்ந்தால், பெரும்பாலும் கலவர நாளிலிருந்துதான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். புகை, கூச்சல், ஓட்டம் என்று யார் எழுதினாலும் வருவதுதான் வந்தது. என் தெரு அதில் இல்லை.

அதனால் முதலில் எழுதாதீர்கள், வரையுங்கள். பெரிய தாளில் தெருவைப் போட்டு, பத்து வயதில் நீங்கள் நடந்த வழிகளைப் பென்சிலால் குறியுங்கள். அப்புறம் சண்டைக்குப் பிறகு நடந்த வழிகளை வேறு நிறத்தில். இரண்டும் பிரிகிற இடத்தில் நின்று யோசியுங்கள். நான் பள்ளிக்குப் போன கோடு முதலில் நேராக இருந்தது. பிறகு மூன்று சந்துகளைச் சுற்றிக்கொண்டு போனது. யார் சொல்லி அப்படிச் சுற்றினேன்? அதைக் கேட்டுக்கொண்டபோதுதான், "வழியில யாராவது பேர் கேட்டா, வீட்ல கூப்பிடுற பேரை மட்டும் சொல்லு" என்று அம்மா வாசலில் நின்று சொன்னது ஞாபகம் வந்தது. பெயர் சொன்னால் மதம் தெரிந்துவிடும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தேதிகளைக் கட்டாயம் சரிபாருங்கள். பழைய செய்தித்தாள், பள்ளி ஆவணம், புகைப்படத்தின் பின்பக்கம், எது கிடைத்தாலும் சரி. அடுத்த வீட்டார் கலவரம் நடந்த வாரமே போய்விட்டார்கள் என்று பல வருடம் நம்பியிருந்தேன். பார்த்தால், பதினோரு மாதம் கழித்துத்தான் போயிருக்கிறார்கள். அத்தனை நாள் எங்கள் பக்கத்திலேயே இருந்து பார்த்திருக்கிறார்கள். அந்தப் பதினோரு மாதத்தில் நாங்கள் எப்படி நடந்துகொண்டோம் என்பதுதான் எனக்கு எழுத மிகக் கடினமாக இருந்தது.

இன்று தெரிந்ததை அன்றைய குழந்தையின் தலையில் ஏற்றாதீர்கள். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கத்தோலிக்கர்களின் ஃபால்ஸ் பகுதிக்கும் புராட்டஸ்டன்ட்களின் ஷாங்கில் பகுதிக்கும் நடுவே 1969 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் தடுப்பு போட்டபோது, தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். இரு தரப்புக்கும் நடுவே வந்த 1998 அமைதி உடன்படிக்கைக்குப் பிறகும் அங்கே சுவர்கள் நிற்கின்றன. சில வாயில்களை இரவில் பூட்டுகிறார்கள். ஆனால் 1969-இல் அங்கே இருந்த குழந்தைக்கு அது முள்கம்பி மட்டும்தான். எங்கள் வீட்டிலும் "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார்கள். அந்த வார்த்தையை அப்படியே எழுதுங்கள்.

கடைசியாக, தெருவின் அந்தப் பக்கத்தார் ஒருவரிடமாவது கேட்காமல் எழுதி முடிக்காதீர்கள். எங்கள் கொல்லைச் சுவரில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சின்னக் கதவு இருந்தது. கலவரத்தின்போது அதை 'அவர்கள்' செங்கல் வைத்து அடைத்தார்கள் என்று எழுதியிருந்தேன். அந்த வீட்டுத் தோழியைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். "எங்க அப்பாவும் உங்க அப்பாவும் சேர்ந்துதான் அடைச்சாங்க, ராத்திரியில. எங்க அம்மா விளக்குப் பிடிச்சாங்க" என்றாள். யார் யாரிடமிருந்து யாரைக் காப்பாற்ற அடைத்தார்கள் என்று அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு ஞாபகத்தையும் அடுத்தடுத்து வைத்துவிட்டேன், ஒன்றாக்கவில்லை.

பெயர்களையும் வீட்டு அடையாளங்களையும் மாற்றிவிடுங்கள். அங்கே இன்னும் சொந்தபந்தம் உள்ளவர்கள் இருப்பார்கள். எழுதியதை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். தோழி ஒரு பத்தியை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். காரணம் கேட்காமல் எடுத்துவிட்டேன்.