பழைய ஆஃப்ஷோர் ரேஸ் படகின் 454 எஞ்சினைப் பிரித்துக் கட்டுவது எப்படி

1960களிலும் 70களிலும் மயாமியின் வடகிழக்கு 188ஆம் தெருவில் கட்டப்பட்ட ஆழ்-வி (அடிப்பாகம் ஆழமான V வடிவில் உள்ள) ரேஸ் படகுகள் இன்று பழைய படகுப் பிரியர்களின் கைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஃபார்முலா, டான்சி, மேக்னம், சிகரெட் ஆகிய நான்கு பெயர்களையும் அடுத்தடுத்துத் தொடங்கியவர் டான் அரோனோ. 1967, 1969 ஆண்டுகளின் உலக ஆஃப்ஷோர் (திறந்த கடல் ரேஸ்) சாம்பியனும் அவர்தான். இவற்றில் பலவற்றின் எஞ்சின் அறையில் இருப்பது மெர்குரூசர் நிறுவனம் கடலுக்கென மாற்றிக் கொடுத்த செவ்ரலே பிக் பிளாக் (பெரிய V8) எஞ்சின் ஜோடி. இந்த வழிகாட்டி அதில் 454 கன அங்குல மார்க் 4 எஞ்சினுக்கானது, போர் (சிலிண்டர் விட்டம்) 4.250 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 4.000 அங்குலம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறை வழக்கப்படி ‘தவ்’ என்றே சொல்கிறோம்.

இதே எஞ்சின் காரிலும் லாரியிலும் ஓடியதுதான். அதனால் கார் எஞ்சின் கட்டுபவரிடம் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். காரில் நெடுஞ்சாலை வேகம் வந்தபின் எஞ்சின் தன் சக்தியில் சிறு பங்கைத்தான் செலவழிக்கிறது. படகில் 4,000 ஆர்.பி.எம்-முக்கு மேல் மணிக்கணக்கில் முழுச் சுமை, இறக்கமே இல்லை. அலையில் எகிறி ப்ரொப்பெல்லர் காற்றில் சுழலும்போது ஆர்.பி.எம் தாறுமாறாக ஏறும். திரும்பத் தண்ணீரில் விழும்போது அந்த வேகத்தைத் தண்ணீர் ஒரே பிடியில் இழுத்து நிறுத்தும். போதாக்குறைக்கு எஞ்சினுக்குள் கடல்நீரே ஓடுகிறது. கார் அளவுக்குக் கட்டிய எஞ்சின் படகில் நீடிக்காததற்குக் காரணம் இவைதான்.

பிரிக்கும் முன்

எந்த எஞ்சின் எந்தத் திசையில் சுற்றுகிறது என்று முதலில் பாருங்கள். இரட்டை எஞ்சின் படகுகள் சிலவற்றில் ஒன்று எதிர்த்திசையில் சுற்றும். சிலவற்றில் எஞ்சின் இரண்டும் ஒரே திசை, மாற்றம் டிரான்ஸ்மிஷனிலோ டிரைவிலோ இருக்கும். வழக்கமான திசை என்றால் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-8-4-3-6-5-7-2. எதிர்த்திசை என்றால் 1-2-7-5-6-3-4-8. எதிர்த்திசை எஞ்சினில் டைமிங் செயினுக்குப் பதில் இரண்டு பல்சக்கரங்கள் இருக்கும், அதனால் கேமும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) டிஸ்ட்ரிபியூட்டரும் (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்தனுப்புவது) வழக்கமான திசையிலேயே சுற்றும். ஆனால் கேம்ஷாஃப்ட் வேறு, ஸ்டார்ட்டர் வேறு, கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டின்) பின்பக்க ஆயில் சீலின் வரிகளும் எதிர்ப்பக்கம் சாய்ந்தவை. சீலை மாற்றிப் போட்டால் அது ஆயிலை உள்ளே தள்ளாது, வெளியே இறைக்கும். பிஸ்டன் பின் நடுவிலிருந்து விலகிய வகை என்றால் பிஸ்டன் பொருத்தும் திசையும் மாறும். விலகல் இல்லாத ஃபோர்ஜ்டு பிஸ்டன் வாங்கினால் அந்தத் தலைவலி இல்லை. இரண்டு எஞ்சினின் உதிரிகளையும் ஒரே மேசையில் கலக்காதீர்கள்.

ஜாம் ஆகிக் கிடக்கும் எஞ்சினை நீளக் கம்பி போட்டுத் திருப்ப வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றிச் சில நாள் விடுங்கள். அசிட்டோன் ஆவி தீப்பிடிக்கும், மூடிய எஞ்சின் அறையில் இதைச் செய்யக் கூடாது. அதன் பிறகும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றுவதே மேல். வலுக்கட்டாயத்தில் வளைந்த கனெக்டிங் ராடு கண்ணுக்குத் தெரியாது.

எஞ்சினைத் தூக்கியதும் அது உட்கார்ந்திருந்த ஸ்டிரிங்கர்களையும் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகள்) பின்பலகையையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஃபைபர்கிளாஸுக்குள் இருக்கும் ப்ளைவுட் ஊறிப்போயிருந்தால் ஓசை மொத்தையாக வரும். மவுண்ட் போல்ட் ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தால் சந்தேகமே வேண்டாம். இதைச் சரிசெய்யாமல் புது எஞ்சினை இறக்கினால் அலைன்மென்ட் ஒரு சீசன்கூட நிற்காது.

பிளாக்: முதலில் தண்ணீர், பிறகு போர்

பணம் செலவழிக்கும் முன் பிளாக் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். எல்லாக் கோர் பிளக்குகளையும் (பிளாக்கின் தண்ணீர்ப் பாதை ஓட்டைகளை அடைக்கும் மூடிகள்) பிடுங்கி, வளைந்த கம்பியால் தண்ணீர்ப் பாதையைச் சுரண்டுங்கள். கடல்நீரில் ஓடிய பிளாக்கிலிருந்து துரு செதில் செதிலாக உதிரும். அதில் உப்பும் மணலும் கலந்து பாதையின் அடியில் கெட்டியாக இறுகியிருக்கும். இதை எடுக்காமல் கட்டினால் சிலிண்டரின் கீழ்ப்பகுதிக்குத் தண்ணீர் போகாது. வெந்நீர்க் கெமிக்கல் தொட்டியில் போட்டு எடுத்து மறுபடியும் சுரண்டுங்கள்.

பிறகு சோனிக் டெஸ்ட், அதாவது ஒலியலையால் தடிமன் அளப்பது. ஒவ்வொரு சிலிண்டர் சுவரிலும் மேலே, நடுவே, கீழே நான்கு பக்கமும் தடிமனைக் குறித்துக்கொள்ளுங்கள். ரீபோர் (சிலிண்டரைப் பெரிதாகக் கடைதல்) முடிந்த பிறகு, பிஸ்டன் அழுத்தும் பக்கத்தில் 200 தவ்வுக்குக் குறையாமலும் மற்றப் பக்கங்களில் 150 தவ்வுக்குக் குறையாமலும் மிச்சம் இருக்க வேண்டும். 30 தவ் ஓவர்சைஸே போதும். அதிலேயே 460 கன அங்குலம் வந்துவிடும். 60 தவ் வரை போகலாம் என்று சொல்பவர்கள் நன்னீரில் ஓடிய பிளாக்கைப் பார்த்துச் சொல்பவர்கள். மெல்லிய சுவர் வெப்பத்தில் வட்டம் மாறும். ரிங்குகள் பிடிப்பை இழந்து ஆயில் எரியத் தொடங்கும். காரணம் தெரியாமல் ரிங்கைக் குறைசொல்லிக்கொண்டிருப்போம்.

மேக்னாஃப்ளக்ஸ் (காந்தத்தால் விரிசல் காட்டும்) சோதனையில் கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் சுவர்களையும், பிரஷர் டெஸ்டில் தண்ணீர்ப் பாதையையும் பாருங்கள். குளிர்காலத்தில் தண்ணீர் வடிக்காமல் விட்ட படகென்றால் லிஃப்டர் பள்ளத்தில் (கேம் தள்ளும் லிஃப்டர்கள் இருக்கும் நடுப்பகுதியில்) விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். கோர் பிளக் பித்தளையில் மட்டும். இரும்புப் பிளக் உப்பில் சீக்கிரம் ஓட்டையாகும், அதுவும் மவுண்டுக்குப் பின்னால் இருப்பதுதான் முதலில் ஓட்டையாகும்.

ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தேய்த்து மெருகேற்றுதல்) செய்யும்போது டார்க் பிளேட் மாட்டச் சொல்லுங்கள். ஹெட் போல்ட் இறுகும்போது சிலிண்டர் எவ்வளவு கோணுமோ அவ்வளவு கோணிய நிலையிலேயே அதை வட்டமாக்குவதற்குத்தான் அந்தத் தகடு.

இடைவெளிகள்

கடல்நீர்க் குளிர்ச்சியில் பிளாக் 140 டிகிரி ஃபாரன்ஹீட் அளவிலேயே நிற்கும். முழு த்ராட்டிலில் பிஸ்டனோ கொதித்துக்கொண்டிருக்கும். பிஸ்டன் விரிகிறது, சிலிண்டர் விரிவதில்லை. கார் கணக்கில் இடைவெளி விட்டால் பிஸ்டனின் பாவாடைப் பகுதி நான்கு மூலையிலும் உரசி ஜாம் ஆகிவிடும். ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு 5 முதல் 6 தவ் விடுங்கள்; பிஸ்டன் தயாரிப்பாளர் கடலுக்கெனத் தனி எண் கொடுத்திருந்தால் அதுவே முடிவு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் லேசாகத் தட்டும் சத்தம் கேட்கும். சூடானதும் அடங்கும், பயப்பட ஒன்றுமில்லை.

மேல் ரிங் இடைவெளி 20 முதல் 22 தவ். இரண்டாவது ரிங்குக்கு அதே அளவு அல்லது 2 தவ் கூடுதல். ரிங் முனைகள் சூட்டில் ஒன்றையொன்று முட்டினால் பிஸ்டனின் மேல்விளிம்பையே பெயர்த்துவிடும். ரிங்கைச் சிலிண்டருக்குள் ஓர் அங்குலம் தள்ளி, பிஸ்டன் தலையால் நேராக்கி, ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். எட்டுச் சிலிண்டருக்கும் தனித்தனியாக.

மெயின் பேரிங் 2.5 முதல் 3 தவ், ராடு பேரிங்கும் அதே கணக்கு. ராடுகளின் பக்கவாட்டு இடைவெளி 13 முதல் 23 தவ். கிராங்கின் முன்பின் அசைவு 6 முதல் 10 தவ்; அதைத் தாங்குவது ஐந்தாவது மெயின். இவற்றை மைக்ரோமீட்டராலும் போர் கேஜாலும் அளந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அளவில் இடைவெளி காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) கடைசிச் சரிபார்ப்புக்கு மட்டும்தான்.

இறுக்கும் அளவு, ஆயில் தடவிய பழைய ரகப் போல்ட்டுகளுக்கு: நான்கு போல்ட் மெயின் கேப் 110 அடி-பவுண்டு, இரண்டு போல்ட் வகை 95, ராடு போல்ட் 3/8 அங்குலம் என்றால் 50, 7/16 என்றால் 73, ஹெட் 80. தனிக் கம்பெனி போல்ட் வாங்கினால் இந்த எண்களை மறந்துவிட்டு அவர்கள் காகிதத்தைப் பாருங்கள். ராடு போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். பழையவை எத்தனை முறை காற்றில் எகிறின என்று யாருக்கும் தெரியாது.

ஹெட்டும் கேமும்

ஹெட்டில் தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி உப்பு அரித்திருக்கும். அரிப்பு கேஸ்கெட்டின் வளையம்வரை எட்டாதிருந்தால் மட்டம் சீவினால் போதும். எட்டியிருந்தால் வேறு ஹெட் தேடுங்கள். கேஸ்கெட் கடல் ரகமாகவே இருக்கட்டும், காருக்கானதன் உள்ளிருக்கும் இரும்பு உப்பில் கரைந்துவிடும். எக்சாஸ்ட் வால்வு இன்கோனெல் உலோகத்தில் கிடைக்கிறது, விலைக்குத் தகுந்த உழைப்பு உண்டு. எக்சாஸ்ட் கைடு இடைவெளி 2.5 தவ்வுக்குக் குறைய வேண்டாம்.

கேம் தேர்வில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ரேஸ் படகாயிற்றே என்று டிராக் ரேஸ் (குறுந்தூர நேர்க்கோட்டுப் பந்தய) கேம் போட்டால், எக்சாஸ்ட் மூடும் முன் இன்டேக் திறந்திருக்கும் நேரம் நீளும். ஐட்லில் அந்த நேரத்தில் எக்சாஸ்ட் குழாயில் காற்று பின்னோக்கி இழுக்கப்படும். ரைசரில் (எக்சாஸ்ட் புகையோடு குளிர்ச்சித் தண்ணீர் சேரும் குழாயில்) கலக்கும் தண்ணீரும் அதோடு சேர்ந்து சிலிண்டருக்குள் வரும். எக்சாஸ்ட் சீட்டில் துருவளையம், பிளக்கில் வெண்ணிற உப்புப் படிவு, மறுநாள் காலையில் திரும்ப மறுக்கும் எஞ்சின் என்று அறிகுறிகள் வரிசையாக வரும். தண்ணீர் கலக்கும் எக்சாஸ்ட் என்றால் லோப் (கேமின் புடைப்பு) இடைக்கோணம் 112 முதல் 114 டிகிரி, 50 தவ் லிஃப்டில் டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு) சுமார் 230 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் நீண்டு தனியாகப் போகும் உலர் பைப்பு உள்ள படகுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

எக்சாஸ்ட் மேனிஃபோல்டும் ரைசரும் வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே சுவர் காகிதமாகியிருக்கும். உப்பு நீரில் ஐந்தாறு ஆண்டு ஓடியிருந்தால் சோதித்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள். அவற்றின் விலை ஒரு ஷார்ட் பிளாக்கைவிட (ஹெட் இல்லாத கீழ்ப்பாதி எஞ்சின்) எவ்வளவோ குறைவு.

ஆயில்

ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாய் பம்பில் வெறுமனே அடித்து நுழைத்ததுதான். அலை அடியில் அது கழன்று விழுந்தால் சில விநாடிகளில் பேரிங் அடித்துவிடும். ஆகவே பற்றவைத்துப் பிடிக்க வேண்டும். பற்றவைக்கும் முன் பிரஷர் ரிலீஃப் ஸ்பிரிங்கைக் கழற்றி வையுங்கள். சூட்டில் அது தளர்ந்தால் பிரஷர் ஏறாது. பிக்கப்புக்கும் ஆயில் பானின் அடிக்கும் இடையே 1/4 முதல் 3/8 அங்குலம் இருக்கட்டும்.

முன்பு பேரிங் போன எஞ்சின் என்றால் ஆயில் கூலரைத் தூக்கி எறியுங்கள். அதன் மெல்லிய குழல்களில் சிக்கிய உலோகத் துகளை எந்தக் கழுவலும் வெளியே கொண்டுவராது. புது பேரிங்குக்குள்தான் அது வந்து சேரும்.

பெட்ரோலும் மின்சாரமும்

படகில் பெட்ரோல் ஆவி வெளியே போக வழியில்லை, காற்றைவிடக் கனமானதால் அடியில் தேங்கும். கார் ஸ்டார்ட்டர், கார் ஆல்டர்னேட்டர், கார் டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றும் உருவத்தில் பொருந்தும், ஆனால் அவற்றின் தீப்பொறி வெளியே வரும். தீப்பொறி அடைத்த கடல் ரகம் மட்டுமே போடுங்கள். கார்புரேட்டர் மேல் ஃப்ளேம் அரெஸ்டர் (தீச்சுடர் வெளியே வராமல் தடுப்பது) கட்டாயம். பெட்ரோல் பம்ப் இரட்டை டயஃப்ரம் வகையாக இருக்க வேண்டும். அதிலிருந்து தனியாகக் கார்புரேட்டருக்குப் போகும் கண்ணாடிபோன்ற குழாயில் பெட்ரோல் தெரிந்தால் உள் டயஃப்ரம் கிழிந்துவிட்டது என்று பொருள், அன்றே மாற்றுங்கள்.

பழைய ஃபைபர்கிளாஸ் டேங்க் உள்ள படகில் எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றாதீர்கள். அது ரெசினைக் கரைத்துக் கொண்டுவந்து இன்டேக் வால்வில் கறுப்புப் பிசினாகப் படியவைக்கும். வால்வு ஒட்டிக்கொண்டால் புஷ்ராடு வளையும்.

முதல் ஸ்டார்ட்

டிஸ்ட்ரிபியூட்டர் ஓட்டை வழியே டிரில்லால் ஆயில் பம்பை மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். இன்னொருவர் கிராங்கை மெல்லத் திருப்ப, பதினாறு ராக்கரிலும் ஆயில் வரும்வரை விடக் கூடாது. ஃப்ளாட் டேப்பட் (உருளையில்லாத, தட்டையான லிஃப்டர்) கேம் என்றால் துத்தநாகம் மிகுந்த பிரேக்-இன் ஆயில். ஸ்டார்ட் ஆனதும் 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்-மில் இருபது முப்பது நிமிடம். ஐட்லில் விட்டால் கேம் லோப் தேய்ந்து உருண்டையாகிவிடும், அதனால் டைமிங்கும் கார்புரேட்டர் பெட்ரோலும் முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும்.

தரையில் ஓட்டும்போது வீட்டுக் குழாய்த் தண்ணீர் இந்த வேகத்துக்குப் போதாது. கடல்நீர்ப் பம்பின் உறிஞ்சு குழாயை 200 லிட்டர் டிரம்மில் விட்டு, டிரம்மை இரண்டு குழாயால் நிரப்பிக்கொண்டே இருங்கள். பம்பின் ரப்பர் இம்பெல்லர் புதிதாக இருக்கட்டும். தெர்மோஸ்டாட் கடல்நீர் ஓட்டத்துக்கு 140 டிகிரி. அதைவிடச் சூடேறினால் உப்பு பிரிந்து பாதையில் படியும். நன்னீர் மூடிய சுற்று என்றால் 160 போடலாம். ஸ்டார்ட் செய்யும் முன் ஒவ்வொரு முறையும் நான்கு நிமிடம் ப்ளோயர் (எஞ்சின் அறை ஆவியை வெளியேற்றும் விசிறி).

மொத்த டைமிங்கை (தீப்பொறி முன்கூட்டி வரும் கோணம்) 30 முதல் 32 டிகிரியில் தொடங்குங்கள். தண்ணீரில் இறக்கிய பிறகு கவனிக்க வேண்டியது ப்ரொப்பெல்லர். முழு த்ராட்டிலில் எஞ்சின் தன் தகட்டில் போட்ட உச்ச ஆர்.பி.எம்-மை எட்டவில்லை என்றால் பிட்ச் (ஒரு சுற்றில் ப்ரொப்பெல்லர் முன்னேறும் தூரம்) அதிகம். அந்தச் சுமையில் டெட்டனேஷன் (எரிபொருள் தானாகவே வெடிப்பது) வந்து பிஸ்டன் ஓட்டையாகும், எஞ்சின் சத்தத்தில் அது காதுக்கும் கேட்காது. ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் சுமார் 150 முதல் 200 ஆர்.பி.எம் கூடும். முதல் சில மணி நேரத்துக்குப் பின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஃபில்டரை வெட்டி மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் தூள் சகஜம். தகடு தகடாக மின்னினால் ஆயில் பானைக் கழற்றிப் பார்க்கும்வரை அந்த எஞ்சினைத் திரும்ப ஓட்ட வேண்டாம்.