பழைய ரோல்பிளேயிங் இதழ்களின் நகைச்சுவை: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடுபவர்கள் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளிவந்த சில ஆண்டுகளுக்குள், அமெரிக்காவில் டிராகன் இதழும் (1976) பிரிட்டனில் ஒயிட் டுவார்ஃப் இதழும் (1977) தொடங்கப்பட்டன. விதி விளக்கங்களுக்கும் புதிய அரக்கர்களின் பட்டியல்களுக்கும் இடையே இவை கேலிச்சித்திரங்களையும் சித்திரத் தொடர்களையும் வெளியிட்டன. இன்று அவற்றுள் பல, இதழிலிருந்து கத்தரிக்கப்பட்ட தனிப்படங்களாகவே நம் கண்ணில் படுகின்றன. வாசகர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இவ்வாறு கத்தரிக்கப்பட்டதிலிருந்தே பிறக்கின்றன.

முதன்மையான தவறு, அந்தக் காலத்து விதிகளை அறியாமல் சிரிப்பைத் தேடுவதாகும். 1970-களின் பிற்பகுதியில் இருந்த விதிப்படி, முதல் நிலையிலுள்ள மந்திரவாதி நான்கு பக்கப் பகடையை ஒரே முறை உருட்டித் தன் உயிர்ப்புள்ளிகளை, அதாவது எவ்வளவு அடி தாங்குவார் என்பதைக் காட்டும் எண்ணை, பெற வேண்டும். ஒன்று விழுந்தால் ஒன்றோடுதான் குகைக்குள் இறங்க வேண்டும். அவருக்குக் கவசம் கிடையாது, நாளொன்றுக்கு ஒரேயொரு மந்திரம்தான் உண்டு. 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் அதே மந்திரவாதி பொதுவாக ஐந்துக்குக் குறையாத புள்ளிகளோடும், சலிக்காமல் ஏவக்கூடிய சிறு மந்திரங்களோடும் தொடங்குவதால், அந்தப் பதிப்பில் மட்டுமே ஆடிப் பழகியவருக்கு, ஒரே அடியில் சாய்ந்துபோகும் மந்திரவாதியின் படம் காரணமற்ற கொடுமையாகத் தோன்றக்கூடும். பொற்காசு பற்றிய கேலிகளும் இத்தகையவையே. கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும், பாத்திரம் அடுத்த நிலைக்கு உயர உதவும் அனுபவப் புள்ளி ஒன்று என்பது அன்றைய விதி. பத்துக் காசுகள் ஒரு பவுண்டு எடை என்பது இன்னொரு விதி. இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆயிரம் புள்ளிகளுக்காக ஏறத்தாழ 45 கிலோ உலோகத்தைச் சுமக்க வேண்டும் என்பதும், மூட்டையைக் கீழே வைக்க மனமில்லாமல் அரக்கனிடம் அகப்படும் வீரனின் படம் ஏன் அத்தனை பேரைச் சிரிக்க வைத்தது என்பதும் விளங்கும். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு, காசுக்குப் புள்ளி தரும் வழக்கத்தை விருப்ப விதியாக ஒதுக்கிவிட்டது. ஆகவே படத்தின் ஆண்டைப் பார்க்காமல் அதன் பொருளைச் சொல்ல முற்படக் கூடாது.

ஏப்ரல் இதழ்களில் இரு திசைகளிலும் தவறு நேர்கிறது. ஏப்ரல் முதல் நாளின் முட்டாள்கள் தினத்தையொட்டி, டிராகன் தன் ஏப்ரல் இதழ்களில் வேடிக்கைக் கட்டுரைகளை உண்மையான விதிகளின் நடையிலேயே, எண்களோடும் அட்டவணைகளோடும் அச்சிட்டது. அவற்றை மெய்யான விதிகளாக மேற்கோள் காட்டுவது ஒரு தவறு. ஏப்ரல் என்ற காரணத்துக்காகவே அனைத்தையும் தள்ளிவிடுவது மற்றொன்று. 1982 ஏப்ரல் இதழில் ரோஜர் மூர் எழுதிய கோமாளிப் பாத்திரம் சிரிப்புக்குரியதுதான் என்றாலும், மேசையில் ஆடத்தக்க முழுமையான விதிகளைக் கொண்டிருந்தது. (ஏப்ரல் பக்கங்களில் கணிசமான பகுதிக்கு இன்று சிரிப்பு வருவதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.)

தொடர்களை ஒற்றைப் பக்கமாகப் படிப்பது அடுத்த தவறு. ஃபில் ஃபோக்லியோ 1980-களின் தொடக்கத்தில் வரைந்த ஃபில் அண்ட் டிக்சி தொடரில், இந்த விளையாட்டில் பாலுறவு என்ற தலைப்பை அடுத்த இதழில் பேசப்போவதாக வாக்களிப்பதும், அடுத்த இதழில் ஏதேனும் ஒரு சாக்கில் அது தள்ளிப்போவதும் வழக்கம். நகைச்சுவை அந்த ஒத்திவைப்பில் இருப்பதால், ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் கிட்டாது. டிராகனில் வெளிவந்த டேவ் டிராம்பியரின் வார்மி தொடர் இதற்கு நேர்மாறானது. குள்ளர்களின் பௌலிங் பந்துகளைத் திருடி பில்லியர்ட்ஸ் ஆடும், சுருட்டுப் பிடிக்கும் ஒரு டிராகனின் கேலியாக 1977-இல் தொடங்கிய அது, மெல்ல மெல்ல ஒரு நெடுங்கதையாக விரிந்தது. வண்ணத்தையும் பின்னணியையும் அவர் அளவுக்குக் கையாண்டவர் அந்த இதழில் வேறெவரும் இல்லை என்றே நான் கருதுகிறேன். தொடக்கப் பக்கங்களைக் கொண்டு முழுத் தொடரையும் எடைபோடுவது அவருக்கு நியாயம் செய்யாது. தொடர் நடுக்கதையிலேயே நின்றது. கடைசியாக அது வெளிவந்தது 1988 ஏப்ரல் இதழில் என்பதால், அதையும் ஒரு ஏப்ரல் வேடிக்கையாகக் கருதிவிடக் கூடாது: டிராம்பியர் அத்துறையை விட்டே விலகி, பிற்காலத்தில் இல்லினாய்ஸில் டாக்சி ஓட்டி, 2014-இல் காலமானார்.

ஒரு படம் எங்கே வெளிவந்தது என்பதையும் சரிபார்க்க வேண்டும். மந்திரவாதிகளும் வீரர்களும் மேசையைச் சுற்றி அமர்ந்து, தொழில்மயமான சமூகத்தின் தொழிலாளர்களாகவும் மாணவர்களாகவும் நடித்து விளையாடும் வில் மெக்லீனின் புகழ்பெற்ற படம், 1979-ஆம் ஆண்டின் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு விதிநூலில் இடம்பெற்றது. அவர் டிராகனுக்கும் வரைந்தவர் என்பதால், அதை இதழ்ப் படமாகக் குறித்துவிடுவது எளிது.

வேடிக்கையாகப் பிறந்த ஒன்று வேடிக்கையாகவே இருக்கும் என்று எண்ணுவதும் பிழையாகும். ஜாலி பிளாக்பர்ன் 1990-இல் ஷேடிஸ் இதழில் தொடங்கி, பின்னர் டிராகனிலும் வெளியிட்ட நைட்ஸ் ஆஃப் தி டின்னர் டேபிள் தொடரின் பாத்திரங்கள், ஹேக்மாஸ்டர் என்ற கற்பனை விளையாட்டை ஆடுவார்கள். டிராகனின் முதல் 250 இதழ்கள் 1999-இல் குறுந்தகட்டுத் தொகுப்பாக வந்தபோது, அதில் அடங்கிய அத்தொடரின் பக்கங்களுக்கான பதிப்புரிமை குறித்துக் கேள்வி எழுந்தது. அதற்கு ஏற்பட்ட தீர்வின் ஒரு பகுதியாக, தொடரை வெளியிட்ட கென்சர் நிறுவனம் பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்று, 2001-இல் ஹேக்மாஸ்டரை உண்மையான விளையாட்டாகவே வெளியிட்டது. அட்டையில் அது நான்காம் பதிப்பு என்று அச்சிடப்பட்டிருந்தது. சித்திரக்கதையில் பாத்திரங்கள் ஆடிவந்ததன் தொடர்ச்சி என்ற பாவனைக்காகவே அந்த எண் இடப்பட்டது. ஆகவே பழைய புத்தகக் கடைகளில் அதன் முதல் மூன்று பதிப்புகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.