ஆற்றோரம் கூடாரம் போடப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கினால் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "அண்ணே, ஆத்துக்குப் போறோம், என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?" மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தாப்பாவில் இருப்பவர்களுக்கு இது கைக்கெட்டும் தூரம். கேமரன் மலைக்குப் போகும் பழைய சாலையில் ஏறி, செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கிவிட்டால் ஆறும் பக்கத்திலேயே வரும். கோலா வோ, லாத்தா இஸ்கண்டார் என்று இறங்கிக் குளிக்க இடம் உண்டு, கூடாரம் போட இடம் வாடகைக்கு விடுபவர்களும் உண்டு. ஓர் இரவு ஆற்றுச் சத்தத்தில் தூங்கி, மறுநாள் இருட்டு விலகும்போதே மேலே போய் மலை ஏறிவிட்டு வரலாம். ஆனால் என்ன எடுத்துப் போவது என்பது இரண்டாவது கேள்வி. எங்கே படுப்பது என்பதுதான் முதல் கேள்வி, அதை யாரும் என்னிடம் கேட்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் எட்டுப் பேர் போயிருந்தோம். மதியம் மூன்று மணி இருக்கும், தலைக்கு மேல் நல்ல வெயில், பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள். அப்பா கரைப் பாறையில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, தண்ணி நிறம் மாறுது, புள்ளைங்கள ஏத்து" என்றார். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீரில் ஓரமாக ஒரு பழுப்புக் கோடு இறங்கி வந்துகொண்டிருந்தது, அதோடு சுள்ளியும் இலையும், காய்ந்த இலை மட்டுமில்லை, அப்போதுதான் பிய்ந்த மாதிரி பச்சை இலைகள். எல்லாரையும் ஏற்றிவிட்டோம். செருப்பை எடுக்க ஒரு பையன் திரும்ப ஓடினான், பெரியப்பா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். சில நிமிடம்தான். லாரி ஏற்றத்தில் வருகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அப்புறம் பால் டீ நிறத்தில் தண்ணீர், அப்பா உட்கார்ந்திருந்த பாறை இருந்த இடமே தெரியவில்லை. எங்கள் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. மழை பெய்தது மேலே, மலையில்.

திடீரென்று வரும் இந்த வெள்ளத்தைத்தான் மலாயில் கெபாலா ஆயர் என்கிறார்கள். தீத்திவங்சா மலைத்தொடரில் ஆறுகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இறங்குகின்றன, மேலே கொட்டும் மழை பரவி நிற்க இடமில்லாமல் ஒரே சுவராகக் கீழே வந்துவிடும். சில சமயம் மரமும் சகதியும் மேலே எங்காவது அடைத்துக்கொண்டு, அந்த அடைப்பு உடையும்போதும் வரும். அதனால் தண்ணீர் ஏறினால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள், காரணமில்லாமல் சட்டென்று வற்றினாலும் கரையேற வேண்டும். நிறம் கலங்குவது, குப்பை மிதந்து வருவது, ஆற்றின் சத்தம் கனமாவது, மலைப் பக்கம் வானம் கறுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலே போதும், பையையும் செருப்பையும் விட்டுவிட்டு ஏறுங்கள். போய்ச் சேர்ந்ததும் நான் செய்யும் முதல் வேலை, தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றுவது. அரை மணிக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் போய் அதைப் பார்க்க வேண்டும், இரவில் எழுந்திருப்பவர்களும் டார்ச் அடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுக்க வேண்டும்.

சரி, கூடாரத்துக்கு இடம். ஆற்றின் நடுவில் இருக்கும் மணல் திட்டு அழகாக இருக்கும், சமமாக இருக்கும், அங்கே போடவே போடாதீர்கள். அது சமமாக இருப்பதற்குக் காரணமே தண்ணீர் அதன் மேல் வந்து போவதுதான். கரையோரச் செடிகளையும் கிளைகளையும் பாருங்கள். காய்ந்த புல்லும் பிளாஸ்டிக் பையும் உங்கள் தோள் உயரத்தில் சிக்கித் தொங்கினால், வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். அதைவிட நன்றாக மேலே போங்கள். தூரம் மட்டும் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள்.

ஆனால் ஆற்றுக்குப் பயந்து மலைச்சரிவின் அடியில் போய் ஒட்டிக்கொள்வதும் தப்பு. 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் பத்தாங் காலியில் கூடாரங்களின் மேல் நிலம் சரிந்து 31 பேர் இறந்துபோனார்கள், பிள்ளைகளும் அதில் உண்டு. எல்லாரும் தூக்கத்தில் இருந்த நேரம். முந்தைய நாட்களில் பெய்த மழை மண்ணுக்குள் ஊறிப் போயிருந்தது. அதற்கப்புறம் நான் எந்த இடத்துக்குப் போனாலும் பின்னால் இருக்கும் சரிவைப் பார்க்காமல் ஆணி அடிப்பதில்லை. மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா, மண்ணில் விரிசல் இருக்கிறதா, சரிவிலிருந்து கலங்கல் தண்ணீர் கசிகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று நாள் விடாமல் மழை என்றால் போகவே வேண்டாம், கட்டிய முன்பணம் போனால் போகட்டும். முன்பதிவு செய்யும்போதே மாவட்ட மன்றத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்புறம் தலைக்கு மேல் பாருங்கள்: பட்டுப்போன கிளை, டுரியான் மரம், இரண்டின் கீழும் படுக்கக் கூடாது.

எந்த மாதம் போகலாம் என்றால், எங்கள் மேற்குக் கரைப் பக்கம் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி மழை அதிகம். பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் எனக்குப் பிடித்த மாதங்கள். கிளம்பும் முன் வானிலை சொல்லும் மைசுவாச்சா செயலியில் தாப்பாவுக்கு மட்டும் பார்க்காமல் கேமரன் மலைக்கும் சேர்த்துப் பாருங்கள், உங்கள் ஆற்றில் வரப்போகும் தண்ணீர் அங்கே இருந்துதான் வருகிறது.

கூடாரம் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்றில்லை, அதற்கு மேலே மழைக்குக் கட்டும் பெரிய விரிப்பு, ஃப்ளைஷீட், கட்டாயம் வேண்டும். இரண்டு மரங்களுக்கு இடையில் கயிற்றை இறுக்கிக் கட்டி, அதன் மேல் போட்டு, ஒரு பக்கத்தை நன்றாகத் தாழ்த்தி விடுங்கள், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருந்தால் நடுவில் மழைத் தண்ணீர் தொட்டி மாதிரி தேங்கும். கயிறு வழியாகவும் தண்ணீர் உள்ளே வரும், அதனால் ஷீட்டுக்கு வெளியே கயிற்றில் ஒரு துணித் துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் அங்கேயே சொட்டிவிடும். கூடாரத்துக்கு அடியில் விரிக்கும் கிரவுண்ட்ஷீட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, ஓரத்தை உள்பக்கம் மடித்துவிடுங்கள். பல பேர் முதுகு நனைந்து எழுந்திருப்பது இந்த ஒரு காரணத்தால்தான்.

உடை விஷயத்தில் ஒன்றே ஒன்று: ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி டீ சட்டையும் வேண்டாம். நனைந்தால் காயாது. பந்து விளையாடப் போடும் ஜெர்சி துணி பிழிந்து போட்டால் சீக்கிரம் காயும், வீட்டில் நாலு இருக்கும், அதையே எடுங்கள். தூங்குவதற்கு என்று ஒரு செட் உலர்ந்த துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, என்ன நடந்தாலும் இரவு வரை தொடாதீர்கள்.

காலணிக்கு நான் இன்னமும் சொல்வது ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுக்குப் போட்டுப் போகும் கறுப்பு ரப்பர் சப்பாத்தைத்தான், அடிடாஸ் கம்போங். அம்மா விடியற்காலை நிரைக்குப் போகும்போது போட்ட அதே சப்பாத்து. முழுக்க ரப்பர், தண்ணீரை உறிஞ்சாது, அடியில் இருக்கும் குமிழ்கள் சகதியில் நன்றாகப் பிடிக்கும், இந்த நாட்டில் மலை வழிகாட்டிகளே அதைப் போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். தடித்த காலுறை போட்டு அளவு பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் இறங்கும்போது கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். தலையில் கட்டும் விளக்கும் அப்படித்தான், தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம், ஆளுக்கு ஒன்று, பேட்டரி ஒரு செட் கூடுதலாக.

சாப்பாட்டை வீட்டிலேயே பாதி முடித்துவிடுங்கள். நெத்திலி சம்பலை எண்ணெய் மிதக்க வதக்கிப் போத்தலில் அடைத்தால் இரண்டு நாளைக்குக் கவலையில்லை. கறியைப் பிரட்டி உறைய வைத்துக் கொண்டுபோனால் ஐஸ் பெட்டியில் அதுவே ஐஸ் கட்டியாகவும் இருக்கும், இரவுக்குள் இளகியிருக்கும், சூடு பண்ணினால் போதும். காலையில் பசியாற ரொட்டியும் அவித்த முட்டையும், சூடாக மைலோ. மழை பிடித்துக்கொண்டால் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகத் தோன்றும். எரிவாயு அடுப்போ கரி அடுப்போ, கூடாது. கரியமில வாயு இல்லை, கார்பன் மோனாக்சைடு, அதற்கு மணமே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். ஃப்ளைஷீட்டுக்குக் கீழே, நாலு பக்கமும் திறந்த இடத்தில் சமையுங்கள். சாப்பாட்டுப் பையை வெளியே விட்டால் குரங்கு திறக்கும், காருக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், 2,000 மீட்டர் உயரத்தில் மூன்று நிமிடம். பாத்திரத்தை ஆற்றுக்குள் சவுக்காரம் போட்டுக் கழுவாதீர்கள். வாளியில் மொண்டு, கரையிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளிப் போய்க் கழுவி மண்ணில் ஊற்றுங்கள். கழிப்பறை இல்லாத இடத்திலும் அதே தூரம்தான், ஒரு சாண் ஆழம் தோண்டி மூடிவிட வேண்டும். ஆறு இறங்கிப் போகும் பக்கம் செமாய் பழங்குடி மக்களின் கம்பங்கள், அதாவது கிராமங்கள், இருக்கின்றன, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதே தண்ணீரில்தான் குளிக்கிறார்கள். பெட்டாய் விற்கிறார்கள் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், அப்படியே ஆறு இந்த வாரம் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். அவர்கள் ஏறு என்றால் ஏறிவிடுங்கள், ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

அட்டைக்கு நாங்கள் காலுறையில் சவுக்காரத்தைத் தேய்த்துக்கொள்வோம். கடித்துவிட்டால் நெருப்பு வைக்காதீர்கள், பிடுங்கவும் வேண்டாம், விரல் நகத்தை அதன் வாய்க்கு அடியில் கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஏதோ செலுத்திவிடுவதால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம், துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

இனி மலை. ஆற்றோரத்திலிருந்து விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ரிங்லெட், தானா ராத்தா தாண்டிப் பிரிஞ்சாங்குக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம், வளைவு நிறைந்த சாலை, பிள்ளைகளுக்கு வாந்தி வரும், பை வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை போகிறவர்கள் தானா ராத்தாவைச் சுற்றி எண் போட்ட காட்டுப் பாதைகளில் ஒன்றை எடுக்கலாம். கொஞ்சம் பழகியவர்களுக்கு 2,110 மீட்டர் உயர குனோங் ஈராவ். பாசிக்காட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கும், தூரம் பெரிதில்லை, ஆனால் வேரும் சகதியும் மாறி மாறி வருவதால் சமதளத்தில் நடக்கிற கணக்கு அங்கே செல்லாது. அந்தக் காடு மேகத்திலிருந்தே ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது, மரம், வேர், கல் எல்லாம் பாசி போர்த்தியிருக்கும், கையை வைத்தால் நனைத்த பஞ்சு மாதிரி இருக்கும். அதைப் பிய்க்காதீர்கள், சகதிக்குப் பயந்து பாதையை விட்டு ஓரமாக மிதித்துப் போகவும் வேண்டாம். 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். தாப்பாவுக்கும் ஈராவ் உச்சிக்கும் சுமார் 2,000 மீட்டர் வித்தியாசம், அப்படியென்றால் 12 டிகிரி குளிர் கூடுதல், அதற்கு மேல் காற்றும் நனைந்த சட்டையும். மழைச்சட்டை இல்லாமல் யாரையும் ஏற விடாதீர்கள்.

வனக்காப்பகத்துக்குள் போக வன இலாகாவின் அனுமதி வேண்டும், அது இல்லாமல் நுழைவது 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம். பாதைகளைச் சில காலம் மூடியும் வைப்பார்கள், அதனால் முதலில் போன் போட்டுக் கேட்டுவிட்டுப் பிறகு ஆள் சேருங்கள். திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவு பண்ணுங்கள். எங்களுக்கு அது மதியம் பன்னிரண்டு, உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிடுவோம், ஏனென்றால் இடி பெரும்பாலும் இரண்டு மணிக்கு மேல்தான் வருகிறது.

தனியாக மட்டும் போகாதீர்கள். தாய்லாந்துப் பட்டுத் தொழிலில் பேர் வாங்கிய ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து வெளியே போனார், இவ்வளவு வருடமாகியும் கிடைக்கவில்லை. எத்தனையோ பேர் தேடினார்கள். எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வழி தவறினால் நடந்துகொண்டே இருக்காமல் நின்ற இடத்தில் நில்லுங்கள், விசில் ஊதுங்கள், சிக்னல் கிடைத்தால் 999.

இது பிடித்துப்போய் கொர்பு (2,183 மீட்டர்), யோங் பெலார் (2,181 மீட்டர்) என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அவை பல நாள் பயணம், அனுமதியும் மாலிம் குனோங் என்கிற மலை வழிகாட்டியும் வேண்டும். மரம் வளர முடியாத உயரத்தில் ஒரு பாறை உச்சியில் நிற்க வேண்டும் என்றால் தீபகற்பத்தில் கிடைக்காது, சபாவில் 4,095 மீட்டர் கினபாலுவுக்குத்தான் போக வேண்டும். அதற்குப் பயிற்சியாக ஈராவை மாதம் ஒரு தடவை ஏறி இறங்கினால் முழங்கால் தயாராகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கூடாரத்தைக் கொடியில் விரித்துக் காயப் போட்டுவிட்டுத் தூங்குங்கள், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்துவிடும். அப்புறம் பிள்ளைகளின் கால்களில் வெட்டு, கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காயத்தின் வழியாகவோ வாய் வழியாகவோ உடம்புக்குள் போனால் லெப்டோஸ்பைரோசிஸ் வரும், பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம் கழித்து, சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் தொடங்கும், கெண்டைக்கால் வலிக்கும், கண் சிவக்கும். அதற்குள் ஆற்றுக்குப் போனதே எல்லாருக்கும் மறந்திருக்கும். கிளினிக்கில் காய்ச்சல் என்று மட்டும் சொல்லாமல், எந்தத் தேதியில் எந்த ஆற்றில் குளித்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.