கடைசித் துளியில் பிறக்கும் விரிசல்: வலுவான அலுமினிய வார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பத்தூரில் நான் வேலை பார்த்த பட்டறையில், செம்பு கலந்த அலுமினியத்தில் வார்த்த பிராக்கெட்டுகள் ஒன்று விடாமல் உள்மூலையில் விரிசல் விட்டன. உலோகம் சரியாக ஓடவில்லை என்று நினைத்து உலைச் சூட்டை 30 டிகிரி கூட்டினோம். விரிசல் இன்னும் அகன்றது. இன்றும் பல பட்டறைகளில் முதலில் கை போவது உலைச் சூட்டின் மேல்தான். இந்தப் பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

காரணம் உறையும் விதத்தில் இருக்கிறது. 7 விழுக்காடு சிலிக்கன் உள்ள ஏ356 கலவை ஏறக்குறைய 615 டிகிரியில் உறையத் தொடங்கி 555-இல் முடிக்கிறது. கடைசிக் கட்டத்திலும் அதில் திரவம் தாராளமாக இருக்கும். சுருக்கத்தால் திறக்கும் இடைவெளிக்குள் அது ஓடிப்போய் அடைத்துவிடும். விமானப் பாகங்களுக்குப் பயன்படும் 7075 அப்படியல்ல. அது 635-இல் தொடங்கி 477 வரை இழுத்துக்கொண்டே போகிறது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உறைந்த பிறகும், மணிகளுக்கு (உறையும் உலோகத்தில் வளரும் நுண்படிகங்களுக்கு) இடையில் மெல்லிய திரவப் படலம் மிஞ்சியிருக்கும். சுருங்கும் உலோகம் அந்தப் படலத்தை இழுத்துப் பிய்க்கும்போது, அங்கே ஊற்றி நிரப்பத் திரவம் இல்லை. விரிசல் அந்த நேரத்தில்தான் பிறக்கிறது. உலைச் சூட்டை ஏற்றினால் மணிகள் பெரிதாகும், அச்சின் சூடான இடங்கள் இன்னும் நேரம் கழித்து உறையும், ஹைட்ரஜனும் கூடுதலாகக் கரையும். மூன்றுமே நமக்கு எதிரானவை.

எதைச் சரிசெய்வதற்கும் முன்னால் விரிசலை உடைத்துப் பாருங்கள். உள்முகம் கறுத்து, மணிகளின் ஓரமாகக் கோணல்மாணலாகப் போயிருந்தால் அது உறையும்போதே வந்தது. பளபளவென்று நேர்கோடாக இருந்தால், உறைந்த பிறகு குளிரும்போதோ தண்ணீரில் முக்கும்போதோ வந்திருக்கலாம். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுப்பது வீண் வேலை.

“கொஞ்சம் சிலிக்கன் போட்டால் விரிசல் நிற்கும்” என்ற யோசனையும் அடிக்கடி வரும். ஓட்டம் நன்றாகும் என்பது உண்மை. ஆனால் 7075-இல் வலு தர வேண்டிய மெக்னீசியத்தைச் சிலிக்கன் பிடித்துவைத்துக்கொள்ளும். செம்பு கலந்த ஏ206-க்கு அனுமதிக்கப்பட்ட சிலிக்கனே அதிகபட்சம் 0.05 விழுக்காடுதான். வலுவுக்காக விலை கொடுத்து வாங்கிய கலவையை நம் கையாலேயே கெடுப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம். இதே காரணத்தால் கழிவுத் துண்டுகளைத் தரம் பிரிக்காமல் உலையில் போடவே கூடாது.

சரியான வழி மணிகளைச் சிறிதாக்குவது. அதற்கு டைட்டானியம்–போரான் கலந்த அலுமினியத்தைச் சேர்க்கிறோம். சேர்த்துவிட்டு உலோகத்தை மணிக்கணக்கில் காக்கவைத்தால், அதிலுள்ள நுண்துகள்கள் அடியில் படிந்துவிடும். வார்க்கும் முன் மெதுவாகக் கலக்கிவிட வேண்டும். 7050 போல சிர்கோனியம் உள்ள கலவைகளில் அந்தத் துகள்களின் திறனையே சிர்கோனியம் குறைத்துவிடும். மற்ற கலவைக்குப் போடும் அதே அளவு இங்கே போதாமல் போகலாம்.

எங்கள் பிராக்கெட்டுக்கு வருகிறேன். தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் கூர்மையாகச் சேரும் மூலை அது. அதன் மேல், சுருக்கத்தை ஈடுகட்ட உருகிய உலோகத்தைத் தேக்கிவைக்கும் ரைசரைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அந்த இடம் இன்னும் தாமதமாக உறைந்ததே மிச்சம். பிறகு மூலையை வளைவாக்கி, சூட்டை உறிஞ்சுவதற்காகப் பட்டறையில் ‘சில்’ என்று சொல்லும் இரும்புத் துண்டை அதன் அருகே வைத்தோம். தடித்த பகுதி முன்னதாக உறைந்தது. சூட்டையும் பழைய அளவுக்கு இறக்கினோம். விரிசல் நின்றுபோனது.

வார்ப்புக்குள் வெற்றிடம் உண்டாக்க அச்சினுள் வைக்கும் மணல் கோர் கல்லாக இறுகியிருந்தாலும் வார்ப்பு சுருங்க வழியிருக்காது. எஃகு அச்சில் வார்ப்பை நெடுநேரம் விட்டுவைத்தால் அது கோரைக் கவ்விக்கொண்டு கிழியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைப் பட்டறைகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. முற்றத்தில் கிடந்த இங்காட் (உருக்குவதற்கான உலோகக் கட்டி) துண்டுகளின் ஈரம், உருகிய அலுமினியத்தோடு சேர்ந்து ஹைட்ரஜனையும் ஆக்சைடுப் படலத்தையும் தருகிறது. மடிந்து உள்ளே போகும் அந்தப் படலம், உறைவதற்கு முன்பே திறந்திருக்கும் விரிசல். ஈரத் துண்டு உலோகத்துக்குள் மூழ்கினால் உலை வெடித்து ஆளையே காவு வாங்கலாம். துண்டுகளைக் கூரைக்குள் அடுக்கி, சூடேற்றி உலர்த்திய பிறகே உலையில் போடுங்கள்.