புவியியல் கல்வி ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவது எப்படி?

நாமக்கல் பக்கம் ஒரு பிஎட் கல்லூரியில் புவியியல் கற்பித்தல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சம உயரக் கோடுகளை (வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று நானும் ஒரு பள்ளி ஆசிரியரும் சேர்ந்து செய்த ஆய்வு போன வருடம் ஒரு வெளிநாட்டு இதழில் வந்தது. அப்போதிலிருந்து "எப்படி அனுப்பினீங்க?" என்று கேட்டு ஃபோன் வந்துகொண்டே இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே இடத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. ஆய்வு செய்யத் தெரியும், ஆங்கிலத்தில் ஓரளவு எழுத வரும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: முதலில் இதழ், அப்புறம் கட்டுரை

கட்டுரையை முழுதாக எழுதி முடித்துவிட்டு இதழ் தேட வேண்டாம். எந்த இதழுக்கு என்று முடிவு செய்தபின் எழுத உட்காருங்கள். நம் துறைக்கென்று இருக்கும் நல்ல இதழ்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதால் இது பெரிய வேலை இல்லை.

பள்ளிப் பிள்ளைகளின் கற்றலைப் பற்றிய ஆய்வு என்றால் முதலில் பார்க்க வேண்டியது இன்டர்நேஷனல் ரிசர்ச் இன் ஜியாகிரபிகல் அண்ட் என்விரான்மென்டல் எஜுகேஷன். 1992-ல் தொடங்கிய இதழ், பன்னாட்டுப் புவியியல் ஒன்றியத்தின் புவியியல் கல்வி ஆணையத்தோடு தொடர்புடையது. அமெரிக்காவின் தேசியப் புவியியல் கல்விக் கழகம் நடத்தும் ஜர்னல் ஆஃப் ஜியாகிரபியும் இதே வகை. 1977-லிருந்து வரும் ஜர்னல் ஆஃப் ஜியாகிரபி இன் ஹையர் எஜுகேஷன் கல்லூரி, பல்கலைக்கழக அளவுக்கானது. ஒன்பதாம் வகுப்பு ஆய்வை அங்கே அனுப்பினால் திரும்பித்தான் வரும்.

புள்ளிவிவரம், கோட்பாடு எதுவும் பெரிதாக இல்லை, வகுப்பில் நன்றாக நடந்த ஒரு பாடத்தைப் பகிர வேண்டும், அவ்வளவுதானா? அதற்கும் இடம் இருக்கிறது. இங்கிலாந்தின் ஜியாகிரபிகல் அசோசியேஷன் வெளியிடும் டீச்சிங் ஜியாகிரபி, அமெரிக்காவின் தி ஜியாகிரபி டீச்சர் இரண்டும் ஆசிரியர்கள் ஆசிரியர்களுக்காக எழுதுவதையே விரும்பிப் போடுகின்றன. பள்ளி ஆசிரியர்கள் இவற்றிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து.

உள்ளூரிலும் நமக்கு ஒரு மரபு உண்டு. 1926-ல் மெட்ராஸ் ஜியாகிரபிகல் அசோசியேஷன் என்று தொடங்கியதுதான் இன்றைய இந்தியன் ஜியாகிரபிகல் சொசைட்டி. அதன் இதழ் இன்னும் வருகிறது. புவியியல் ஆய்வுகள்தான் அதில் அதிகம். அதனால் அண்மை இதழ்களில் கல்வி சார்ந்த கட்டுரைகள் எப்படி வந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

"யுஜிசி கேர் லிஸ்டில் இருக்கிறதா?" என்று இன்னும் கேட்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற இதழ்களின் பட்டியல் அது. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலை யுஜிசி கைவிட்டுவிட்டது. இதழின் தரத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்ற பரிந்துரைகள் மட்டுமே இப்போது உள்ளன. முடிவு உங்கள் பல்கலைக்கழகத்தின் கையில். பதவி உயர்வுக்குக் காட்டப்போகிறீர்கள் என்றால் எதை ஏற்றுக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

மூன்று நாளில் வெளியிட்டுத் தருகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களைத் திறக்கவே வேண்டாம். ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது தரத்துக்கு அடையாளம் ஆகாது, அது வெறும் பதிவு எண். நல்ல இதழ்களின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் கூகுளில் தேடிப் போகாமல், ஆய்விதழ்களைத் தரம் பார்த்துப் பட்டியலிடும் ஸ்கோபஸிலோ, இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களைப் பட்டியலிடும் டிஓஏஜே தளத்திலோ உள்ள இணைப்பு வழியாக இதழின் தளத்துக்குப் போங்கள். வாட்ஸாப் குழு வைத்துப் பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை போட்டுத் தரும் ஏஜெண்டுகள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். உங்கள் பெயர் வாழ்நாள் முழுக்க அந்த இதழோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

படி 2: அனுமதிக் கடிதங்கள்

தரவு திரட்டும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு என்றால் அறநெறி ஒப்புதல் பற்றி எல்லா நல்ல இதழ்களும் கேட்கின்றன. நம் கல்லூரிகள் பலவற்றில் இதற்கென்று குழு கிடையாது. அப்படியென்றால் பல்கலைக்கழகக் குழுவை அணுகுங்கள். அதோடு தலைமையாசிரியர் கடிதம், முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதி, பெற்றோர் கையெழுத்திட்ட தமிழ் ஒப்புதல் படிவம் மூன்றையும் வாங்குங்கள். பிள்ளைகளிடமும் "உனக்கு விருப்பமா?" என்று கேட்க வேண்டும். ஆய்வு முடிந்தபின் பழைய தேதி போட்டு வாங்குவது நேர்மையான வழி இல்லை.

படி 3: கேள்வியைத் திருத்துங்கள் (நிதானமாகப் படியுங்கள்)

எங்கள் கட்டுரை முதலில் போன இதழிலிருந்து மதிப்பீட்டாளர்களிடம் (கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் துறை வல்லுநர்கள்) போகாமலே திரும்பியது. ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இந்தக் கட்டுரையிலிருந்து பிற நாட்டு வாசகர் எதைத் தெரிந்துகொள்வார்?" என்பதுதான் இதழாசிரியர் கேட்டதன் சாரம். புதிதாக அனுப்புகிறவர்களின் கட்டுரைகளைப் படித்துப் பார்க்கும்போது பெரும்பாலும் இதே இடத்தில்தான் சிக்கல் தெரிகிறது.

நாங்கள் செய்தது இதுதான். பள்ளி கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் அட்டையை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டிக் கொல்லிமலையைச் செய்தார்கள். ஒவ்வொரு அடுக்கின் விளிம்பையும் தாளில் வரைந்து சம உயரக் கோடு படித்தார்கள். எங்கள் பழைய கேள்வி: "மாதிரி செய்து கற்றால் மதிப்பெண் கூடுகிறதா?" கூடியது. ஆனால் செய்து கற்றால் நன்றாகக் கற்பார்கள் என்பது யாருக்கும் புதுச் செய்தி இல்லை.

மறுபடி பிள்ளைகளின் விடைத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கோடுகள் நெருங்கியிருந்த இடத்தைக் காட்டி "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டதற்குச் சிலர் "ரோடு நிறைய வளையுது" என்று எழுதியிருந்தார்கள். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பிள்ளைகளுக்குச் செங்குத்துச் சரிவு என்றாலே வளைந்து வளைந்து ஏறும் பஸ்தான். வரைபடத்தில் நெளிந்த கோடுகளைப் பார்த்ததும் அந்தச் சாலை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மலையை நேரில் தெரிந்திருப்பது உதவியும் செய்தது, குழப்பவும் செய்தது.

அதன்பின் கேள்வி இப்படி மாறியது: "ஏறி இறங்கித் தெரிந்த மலையை வைத்துச் சம உயரக் கோடு கற்ற பிள்ளைகள், பார்த்தறியாத ஓர் இடத்தின் டோபோஷீட்டை (உயரம், ஆறு, சாலை எல்லாம் காட்டும் நிலவரைபடம்) படிக்கும்போது எங்கே தெளிவாக இருக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள்?" ஜப்பானில் இருக்கும் ஆசிரியருக்கும் பெருவில் இருக்கும் ஆசிரியருக்கும் இதே கேள்வி உண்டு. தரவு அதே தரவு, கட்டுரை வேறாகிவிட்டது.

உங்கள் கட்டுரையையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். தலைப்பில் உள்ள ஊர்ப் பெயரையும் பாடநூல் பெயரையும் விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். மிச்சம் இருப்பதில் ஒரு கேள்வி தெரிய வேண்டும். இன்னொன்று: புவியியலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேதியியலைப் போட்டாலும் கட்டுரை அப்படியே நிற்கிறதா? நின்றால் அது பொதுவான கல்வியியல் கட்டுரை. புவியியல் கல்வி இதழுக்கு இன்னும் தயாராகவில்லை. இடம், அளவு, வரைபடம், நிலமும் மக்களும் கொண்ட உறவு, இவற்றில் ஏதாவது ஒன்று ஆய்வின் நடுவில் இருக்க வேண்டும். பன்னாட்டுப் புவியியல் ஒன்றியத்தின் கல்வி ஆணையம் 2016-ல் வெளியிட்ட புவியியல் கல்விச் சாசனம் சிறியதுதான். அதை ஒருமுறை படித்தால் துறை எதைப் பற்றிக் கவலைப்படுகிறது என்பது பிடிபடும்.

அதற்காக ஊரைச் சுருக்கிவிடாதீர்கள். சமச்சீர்க் கல்வி என்றால் என்ன, வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எந்த மொழியில் பாடம் என்பதை வெளியார் புரிந்துகொள்ளும்படி இரண்டு பத்தியாவது எழுதுங்கள்.

படி 4: எழுதும் கருவிகளும் வரைபடமும்

மேற்கோள்களைச் சேமித்து ஒழுங்குபடுத்த ஸோட்டெரோ என்ற மென்பொருள் போதும். இலவசம், தரவு உங்கள் கணினியிலேயே இருக்கும், தமிழ் எழுத்துகளும் சிதையாது. மற்றவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. தமிழ்ப் பாடநூலை ஏபிஏ என்ற மேற்கோள் முறையில் சுட்டும்போது தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஆங்கிலப் பொருளைத் தர வேண்டும். இதை ஸோட்டெரோவின் தலைப்புப் பெட்டியிலேயே எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் கையால் திருத்த வேண்டியதில்லை.

வரைபடத்தை கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் செய்யுங்கள். கூகுள் மேப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டுவது புவியியல்காரருக்கு அழகில்லை, உரிமைச் சிக்கலும் வரும். ஆய்விடம் காட்ட இந்திய வரைபடம் போடுகிறீர்கள் என்றால் எல்லைக்கோட்டில் கவனம் தேவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நேச்சுரல் எர்த் போன்ற தரவுகளில் உள்ள எல்லை, அரசின் வரைபட நிறுவனமான சர்வே ஆஃப் இந்தியாவின் எல்லையோடு பொருந்தாது. பொருந்தாத வரைபடத்தை வெளியிடுவது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கே குற்றம். சர்வே ஆஃப் இந்தியாவின் தரவையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் மாவட்ட வரைபடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வகுப்பறை ஆய்வுக்கு மாவட்டமே தாராளம்.

மேலே சொன்ன இதழ்களில் பலவற்றை வெளியிடுவது டெய்லர் அண்ட் பிரான்சிஸ் நிறுவனம். அதன் இதழ்கள் வண்ணப் படத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), கோட்டுப் படத்துக்கு 1200 டிபிஐ கேட்கின்றன. வேர்டில் ஒட்டிய படத்தைத் திரும்ப எடுத்தால் இந்தத் தெளிவு கிடைக்காது. கியூஜிஐஎஸ் லேஅவுட்டிலிருந்து நேராக ஏற்றுமதி செய்யுங்கள்.

ஆங்கிலத்தைச் சீர்செய்ய ஏஐ கருவி பயன்படுத்தினால் இதழின் விதிப்படி அதைக் குறிப்பிடுங்கள். ஏஐயைக் கட்டுரையாசிரியராகப் போடக் கூடாது என்று வெளியீட்டு நெறிமுறைக் குழுவான கோப் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பிள்ளைகளின் விடைகளையும் நேர்காணல்களையும் அந்தக் கருவிகளில் ஏற்ற வேண்டாம். பெற்றோர் அதற்கு ஒப்புதல் தரவில்லை.

படி 5: பெயரும், பெயரை மறைப்பதும்

நம்மில் பலருக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. சமர்ப்பிக்கும் படிவமோ லாஸ்ட் நேம் இல்லாமல் நகராது. அங்கே உங்கள் பெயரைப் போடுங்கள், இனிஷியலை ஃபர்ஸ்ட் நேமில் போடுங்கள். அப்போதுதான் மேற்கோளில் உங்கள் பெயர் முன்னால் வரும். அப்பா பெயரை விரித்து லாஸ்ட் நேமில் போட்டால் உலகம் முழுக்க அப்பா பெயரில்தான் உங்களைச் சுட்டுவார்கள். ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் 16 இலக்க எண்ணை ஆர்க்கிட் தளத்தில் இலவசமாக வாங்கி, அதிலும் இதே வடிவத்தில் பெயரைப் பதியுங்கள். அதன்பின் மாற்றாதீர்கள்.

மதிப்பீட்டாளருக்குப் போகும் கோப்பில் நீங்கள் யார் என்று தெரியக் கூடாது. பெயர்ப் பக்கத்தைத் தனிக் கோப்பாக்குவதை எல்லோரும் செய்துவிடுகிறார்கள். நன்றியுரை, ஒப்புதல் கடிதத்தில் உள்ள கல்லூரிப் பெயர், புகைப்படத்தில் பள்ளியின் பெயர்ப்பலகை, "எங்கள் முந்தைய ஆய்வில்" என்ற வரி ஆகியவை தப்பிவிடும். கோப்பின் பண்புகளிலும் பெயர் ஒளிந்திருக்கும். வேர்டில் ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்று போய் நீக்குங்கள்.

முனைவர் பட்ட ஆய்விலிருந்து எடுத்த கட்டுரை என்றால், ஆய்வேடு சோத்கங்காவில் (இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) இருப்பதால், நகலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் காட்டும் ஒப்புமை விழுக்காடு எகிறும். இதை முகப்புக் கடிதத்தில் முதலிலேயே இதழாசிரியருக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால்தான் சந்தேகம் வரும்.

படி 6: காத்திருப்பும் பதிலும்

மாதங்கள் ஆகும். ஒரே கட்டுரையை இரண்டு இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். நான்கு மாதமாகியும் சத்தமில்லை என்றால் இதழாசிரியருக்கு மரியாதையாக ஒரு வரி எழுதிக் கேட்கலாம்.

"மேஜர் ரிவிஷன்" என்று வந்தால் மனம் உடைந்துபோய் விட்டுவிடுகிறார்கள். அது நல்ல செய்தி! கட்டுரையைத் திருத்தி எடுத்துவந்தால் மறுபடி பார்க்கிறோம் என்று பொருள். ஒரு அட்டவணை போடுங்கள்: இடதுபுறம் மதிப்பீட்டாளரின் வாக்கியம் அப்படியே, நடுவில் உங்கள் பதில், வலதுபுறம் பக்கமும் வரி எண்ணும். ஒன்றையும் விடாதீர்கள். உடன்படாத இடத்தில் காரணத்தோடு மறுக்கலாம். எங்களிடம் "ஒப்பீட்டுக் குழு ஏன் இல்லை?" என்று கேட்டார்கள். கேள்வி மாறிவிட்டதால், பிள்ளைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதே எங்கள் நோக்கம், எந்த முறை வெல்கிறது என்பது இல்லை என்று இரண்டு வாக்கியம் எழுதி, அதையே கட்டுரையின் வரம்புகள் பகுதியிலும் சேர்த்தோம். ஏற்றுக்கொண்டார்கள்.

பின்சேர்க்கை

கட்டணம் எவ்வளவு என்று பின்னூட்டத்தில் பலர் கேட்டிருந்தீர்கள். கட்டுரை ஏற்கப்பட்டதும் வரும் பக்கத்தில் ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்ற முறை) வேண்டுமா என்று ஒரு கேள்வி இருக்கும். அதைத் தேர்ந்தால்தான் பெரிய தொகை. சந்தா முறையைத் தேர்ந்தால் மேலே சொன்ன டெய்லர் அண்ட் பிரான்சிஸ் இதழ்களில் காசு கேட்பதில்லை. நண்பர்கள் படிக்க 50 இலவசப் பிரதிகளுக்கான இணைப்பும் தருகிறார்கள்.

மற்ற கட்டுரைகளைப் படிக்க வழியில்லையே என்று ஒரு சுயநிதிக் கல்லூரி ஆசிரியை எழுதியிருந்தார். 2025 ஜனவரியிலிருந்து நடக்கும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் (ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும் திட்டம்) அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும்தான். மற்றவர்கள் முதலில் கூகுள் ஸ்காலரில் "ஆல் வெர்ஷன்ஸ்" என்பதை அழுத்திப் பாருங்கள். இலவசப் படி எங்காவது இருக்கும். இல்லையென்றால் கட்டுரையாளருக்கே எழுதிக் கேளுங்கள். நீங்கள் என்ன ஆய்வு செய்கிறீர்கள், அந்தக் கட்டுரை எதற்கு வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்து எழுதினால் பெரும்பாலும் பிடிஎஃப் வந்துவிடும். எனக்கு ஒருவர் தான் பயன்படுத்திய வினாத்தாளையும் சேர்த்தே அனுப்பினார்.