கணினியை இராப்பகலாக ஓடவிடுவோர் கரண்ட் கணக்கில் விடும் பிழைகள்

சும்மா இருக்கும் கணினியை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் ஃபோல்டிங் அட் ஹோம், பொயிங்க் போன்றவை என்றாலும், இரவிரவாக வீடியோ ரெண்டர் பண்ணுவதென்றாலும் மீற்றருக்கு எல்லாம் ஒன்றுதான். யாழ்ப்பாணத்து வீடுகளில் பில் வந்தபிறகு ஏற்படும் திகைப்புக்குக் காரணம் பெரும்பாலும் கணக்குப் போட்ட விதம்.

மொத்தப் பில்லை யூனிற்றால் பிரித்து, வரும் சராசரி விலையை வைத்துக் கணக்குப் பார்ப்பதுதான் பெரிய பிழை. வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 யூனிற்றைத் தாண்டிய வீட்டுக்கு 90, 120, 180 என்று ஒவ்வொரு எல்லையிலும் யூனிற் விலை மாறும். நிலையான கட்டணமும் கூடும். நீங்கள் புதிதாகச் சேர்க்கும் சுமை எப்போதும் மேல்படியில்தான் விழும். பிறிட்ஜ், மோட்டர், மின்விசிறி எல்லாம் சேர்ந்து 85 யூனிற் எரியும் வீட்டில் 100 வாட் கூடுதலாக 24 மணிநேரமும் ஓடினால் 30 நாளில் 72 யூனிற். மொத்தம் 157. அந்த 72 இல் 5 யூனிற் மட்டுமே பழைய படியில் அடங்கும்; 30 அடுத்த படியில், மிச்சம் 37 அதற்கும் மேலே.

இதைவிட மோசமான இடம் 60 யூனிற் எல்லை. 60க்குள் நிற்கும் வீடுகளுக்கு முதல் 30, அடுத்த 30 என்று தனி விலை. 61 ஆனதும் அந்த முதல் 60 யூனிற்றுக்கும் வேறு விலை. 55 யூனிற் எரிக்கும் ஒரு சின்னக் குடும்பத்தில் வெறும் 25 வாட் லப்ரொப் ஒன்றை மாதம் முழுக்க ஓடவிட்டால் 18 யூனிற் கூடி 73 ஆகும். பில் ஏறுவது அந்த 18 யூனிற்றால் மட்டுமல்ல. கட்டணங்கள் அடிக்கடி திருத்தப்படுவதால், விலையைக் கடைசிப் பில்லில் பார்த்தே போடுங்கள்.

இரவில் கரண்ட் மலிவு என்ற நம்பிக்கையும் உண்டு. 22.30 முதல் 5.30 வரை குறைந்த விலை என்பது நேரவாரிக் கட்டணத்தைக் கேட்டுப் பெற்றவர்களுக்குத்தான். சாதாரண வீட்டு மீற்றருக்கு இரவும் பகலும் ஒரே விலை.

அடுத்தது வாட் கணக்கு. பவர் சப்ளையில் 500 வாட் என்று எழுதியிருந்தால் அது தாங்கக்கூடிய உச்சம், இழுப்பதல்ல. பெட்டியில் 65 வாட் என்று போட்ட ரைசன் புரொசசர் முழு வேலையில் 88 வாட் வரை எடுக்கலாம். பவர் சப்ளை வெப்பமாக இழப்பது அதற்கும் மேலே. வயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீற்றரில் வரும் அம்பியரை 230 ஆல் பெருக்குவதும் சரிவராது. மலிவான பவர் சப்ளைகளில் அந்தப் பெருக்கம் உண்மையான வாட்டைவிட நன்றாகக் கூடுதலாகக் காட்டும்; வீட்டு மீற்றர் பதிவதோ உண்மையான வாட்டை.

பிளக்கில் செருகும் வாட் மீற்றர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வீட்டு மீற்றரே போதும். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மீற்றரின் சிவப்பு லைற் 10 தரம் மின்ன எத்தனை செக்கன் என்று பாருங்கள். முதல் மின்னலில் பூச்சியத்தில் தொடங்கி எண்ண வேண்டும். யூனிற்றுக்கு 1600 துடிப்பு என்று மீற்றரில் எழுதியிருந்தால் 22,500 ஐ அந்தச் செக்கனால் பிரியுங்கள்; வருவதுதான் வாட். 1000 துடிப்பென்றால் 36,000 ஐ. 1600 துடிப்பு மீற்றரில் 150 செக்கன் எடுத்தால் 150 வாட். வேலை ஓடும்போதும், நிறுத்திவைத்தும் இரண்டு தரம் எடுங்கள். எப்படியும் போட்டிருக்கும் கணினியென்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் செலவு. இந்த வேலைக்காகவே இரவில் அணைக்காமல் விடுகிறீர்களென்றால் முழுத்தொகையும் இதன் தலையில்தான்.

செலவைக் குறைக்கப் பலர் பொயிங்கில் 'சிபியு நேரம்' 50 வீதம் என்று வைக்கிறார்கள். அது வேலையை நிறுத்தி நிறுத்தி ஓட்டும், அவ்வளவுதான். கணினி போட்டிருக்க எரியும் அடிப்படை வாட் குறையாது. அதே வேலை முடிய இரட்டிப்பு நேரம் எடுக்கும். வின்டோஸ் பவர் தெரிவுகளில் புரொசசரின் உச்ச நிலையை 99 வீதமாக்கினால் பெரும்பாலான கணினிகளில் டர்போ, அதாவது வேகத்தைத் தானாகவே உச்சத்துக்கு ஏற்றும் வசதி, நின்றுவிடும். கடைசித் துளி வேகத்துக்குத்தான் வோல்ற்றேஜ் மிகவும் ஏறும். அந்தத் துளியை விட்டுக்கொடுத்தால் வேகத்தில் இழப்பதைவிடக் கரண்டில் மிச்சம் கூட. கிராபிக்ஸ் கார்டுக்கு, அதன் வேகத்தையும் பவரையும் மாற்றும் ஆஃப்டர்பேர்னர் மென்பொருளில் பவர் எல்லையை 70 வீதத்தில் வைத்துப் பாருங்கள்.

மூலையில் கிடக்கும் பழைய கோர் 2 டுவோ புரொசசர் கணினியை எடுத்து ஓட்டுவது நல்ல எண்ணம், கெட்ட கணக்கு. புதிய புரொசசர் சில மணிநேரத்தில் முடிப்பதை அது நாட்கணக்கில் இழுக்கும். ஆராய்ச்சி வேலைக்குக் கொடுத்த கெடு தாண்டினால் அந்த வேலை இன்னொருவருக்குப் போய்விடும். எரித்த கரண்ட் வீண். அதனால் பொயிங்க் முன்கூட்டியே இறக்கி வைக்கும் வேலைக் கையிருப்பையும் அரை நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

கரண்ட் போனால் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்துதான் வேலை மீண்டும் தொடங்கும். அடிக்கடி கட் ஆகும் இடங்களில் சின்ன யுபிஎஸ் ஒன்று பிரயோசனம். பொயிங்கில், இடைநிறுத்திய வேலையை நினைவகத்திலேயே வைத்திருக்கும் தெரிவையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கணினியைத் தொட்டு வேலை இடைநிற்கும்போதெல்லாம் கொஞ்ச வேலை அழியலாம். ஸ்கிறீன்சேவர் வேண்டவே வேண்டாம்: 20 வாட் மொனிற்றர் ஒன்று மாதம் முழுக்க எரிந்தால் 14 யூனிற்றுக்கு மேல்.

சித்திரை, வைகாசி வெக்கையில் ஏசி அறைக்குள் இதை ஓட்டினால் கணினி கக்கும் வெப்பத்தை வெளியேற்ற ஏசியும் கூடுதலாக எரிக்கும்; கணினி எரிப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மேலதிகம் என்று வையுங்கள். மார்கழி, தை மாதங்கள் இதற்குத் தோதானவை. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தூசி, புரொசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீற்சிங்கில் அப்பினால் வெப்பம் ஏறி வேகம் தானாகக் குறையும்; இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் ஊதித் துடையுங்கள். லப்ரொப் என்றால் பற்றரி சார்ஜை 80 வீதத்தோடு நிறுத்தும் தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். சூட்டில் எந்நேரமும் நிறைந்திருக்கும் பற்றரிதான் ஊதும்.

கூரையில் சோலார் இருப்பவர்கள் 'எங்களுக்கு ஓசிக் கரண்ட்தானே' என்பார்கள். மிச்ச யூனிற்றுக்குக் காசு வரும் திட்டத்தில் இருந்தால் கணினி தின்னும் ஒவ்வொரு யூனிற்றும் உங்களுக்கு வராமல் போன காசு.